தோலை மாற்றிப் பார்த்தவர்: ஜான் ஹாவர்ட் கிரிஃபின்

தான் யாரையும் தாழ்வாக நினைப்பதில்லை என்று மனமாரச் சொல்கிறவர்கள் எல்லா நாட்டிலும் இருக்கிறார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. தங்களுக்குள் என்ன படிந்து கிடக்கிறது என்பது பல நேரம் அவர்களுக்கே தெரிவதில்லை. அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தைச் சேர்ந்த எழுத்தாளர் ஜான் ஹாவர்ட் கிரிஃபினும் தன்னைப் பற்றி அப்படித்தான் நம்பியிருந்தார். வெள்ளையரான அவர் 1959-ம் ஆண்டு தன் தோலைக் கறுப்பாக்கிக்கொண்டு, நிறவெறி தலைவிரித்தாடிய தென் மாநிலங்களில் சில வாரங்கள் கறுப்பராக அலைந்தார். அந்த அனுபவத்தை அவர் எழுதிய 'பிளாக் லைக் மீ' என்ற நூல் 1961-ல் வெளியாகி, பல மொழிகளுக்குச் சென்றது. அமெரிக்கப் பள்ளிகளில் பாடமாகவும் படிக்கப்பட்டது.

அடுத்தவர் இடத்தில் நின்று பார்த்தால் மனதுக்குள் ஒளிந்திருக்கும் வெறுப்பு மாறுமா? இந்தக் கேள்விக்குத் தன் உடம்பையே சோதனைக்கூடமாக்கி விடை தேடியவர் கிரிஃபின். அவர் என்ன கண்டார், எங்கே நின்றுகொண்டார் என்பதை நாம் இந்த வாரம் பார்ப்போம்.

கேள்வி கேட்காமல் வளர்ந்த பிள்ளை

கிரிஃபின் 1920 ஜூன் 16-ம் தேதி டாலஸ் நகரில் பிறந்தார். அன்றைய தென் மாநிலங்களில் கறுப்பருக்கும் வெள்ளையருக்கும் எல்லாமே தனித்தனி. பள்ளி தனி, பேருந்தில் இருக்கை தனி, காத்திருக்கும் அறை தனி, குடிதண்ணீர்க் குழாய் தனி, கழிப்பறை தனி. தனித்தனியாக இருந்தாலும் சமமாக இருந்தால் போதும் என்று 1896-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றமே இதற்கு ஒப்புதல் கொடுத்திருந்தது. தனி என்பது மட்டும்தான் நடந்தது, சமம் என்பது ஒருநாளும் நடக்கவில்லை.

கிரிஃபினின் குடும்பம் கறுப்பரை ஏசுகிற, அடிக்கிற குடும்பம் அல்ல. மரியாதையான, இசை தெரிந்த வீடு. ஆனால் கறுப்பர் வேறு, நாம் வேறு என்பது அந்த வீட்டிலும் காற்றோடு கலந்து கிடந்தது. யாரும் சொல்லித்தரவில்லை, பிள்ளை கற்றுக்கொண்டது.

பதினைந்து வயதில் படிப்புக்காக பிரான்ஸ் நாட்டில் உள்ள தூர் நகருக்குப் போனார். அங்கே வகுப்பில் ஆப்பிரிக்க மாணவர்களும் உடன் படித்தார்கள். அதில் அவருக்கு மகிழ்ச்சிதான். ஆனால் அதே மாணவர்கள் உணவு விடுதியில் தனக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தபோது அவருக்குத் திடுக்கிட்டது. அவர்களை எப்படி உள்ளே விட்டார்கள் என்று கேட்டார். ஏன் விடக்கூடாது என்று பிரெஞ்சு நண்பர்கள் திருப்பிக் கேட்டார்கள். அவரிடம் பதில் இல்லை. இந்தக் கேள்வியை அதுவரை தன்னிடம் தானே கேட்டதில்லை என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

கூடப் படிக்கலாம், கூடச் சாப்பிடக்கூடாது. இந்தக் கணக்கு நம் வாசகர்களுக்குப் புதிதல்ல.

தொடர்ந்து வந்த பாடங்கள்

தூர் நகரில் மருத்துவம் படித்த கிரிஃபின் அங்கிருந்த மனநல மருத்துவமனையிலும் வேலை பார்த்தார். இரண்டாம் உலகப் போர் மூண்டது. நாஜிகளுக்குத் தப்பி வந்த யூதர்களை மறைத்து வைத்து, துறைமுகம் வரை கொண்டுபோய்ச் சேர்க்கும் ரகசிய வேலையில் அவரும் சேர்ந்தார். நோயாளிகள்போல வேடமிட்டு அவர்களை ஆம்புலன்ஸில் ஏற்றி அனுப்பினார்கள். தாங்கள் பிழைக்க மாட்டோம் என்று தெரிந்த பெற்றோர், பிள்ளைகளையாவது கொண்டுபோங்கள் என்று அவரிடம் கெஞ்சியிருக்கிறார்கள். ஒரு மக்கள் கூட்டத்தைப் பிறப்பை வைத்து வெறுத்தால் அது எங்கே போய் முடியும் என்பதை இருபது வயதில் அவர் நேரில் கண்டார்.

பிறகு அமெரிக்க விமானப்படையில் சேர்ந்து பசிபிக் பெருங்கடல் தீவுகளுக்குப் போனார். தொலைதூரத் தீவு ஒன்றில் அங்குள்ள பழங்குடி மக்களோடு ஓராண்டு அளவுக்குத் தங்கியிருந்தார். முதலில் அவர்களை நாகரிகம் அறியாதவர்கள் என்றுதான் நினைத்தார். ஆனால் காட்டுப் பாதையில் அவருக்குத் திசை தெரியவில்லை. வழி தவறாமல் இருக்க ஐந்து வயதுச் சிறுவன் ஒருவன் துணை வர வேண்டியிருந்தது. அந்த ஊர்க் கணக்கில், படித்த வெள்ளைக்காரரான அவர்தான் விவரம் தெரியாதவர். உயர்வும் தாழ்வும் மனிதனின் ரத்தத்தில் இல்லை, அளக்கிற இடத்தில்தான் இருக்கிறது என்பது அந்தச் சிறுவன் பின்னால் நடந்தபோது அவருக்கு விளங்கியது.

போரில் குண்டு வெடித்து அவருக்குக் காயம் ஏற்பட்டது. அதன் விளைவாகப் பார்வை மங்கி, 1947-ல் முழுவதுமாகப் போய்விட்டது. பத்து ஆண்டுகள் பார்வையில்லாமல் வாழ்ந்தார். பெற்றோரின் பண்ணையில் கால்நடை வளர்த்தார், நாவல் எழுதினார், திருமணம் செய்துகொண்டார். கண் தெரியாதவருக்கு எதிரில் இருப்பவரின் நிறம் தெரியாது. குரலும் பேச்சும் நடத்தையும்தான் தெரியும். அதை வைத்துத்தான் மனிதரை எடைபோட முடியும். இந்த உண்மையையும் அவர் பத்து ஆண்டுகள் வாழ்ந்து பார்த்தார்.

1957 ஜனவரியில் எதிர்பாராமல் பார்வை திரும்பியது. மனைவியின் முகத்தையும் குழந்தைகளின் முகத்தையும் அப்போதுதான் முதன்முதலாகப் பார்த்தார். கூடவே, மனிதர்களின் தோல் நிறமும் மறுபடி கண்ணில் பட ஆரம்பித்தது.

மான்ஸ்ஃபீல்டில் தொங்கிய பொம்மை

அவர் வாழ்ந்த ஊர் டெக்சாஸில் உள்ள மான்ஸ்ஃபீல்டு. பள்ளிகளில் நிறப் பிரிவினை செல்லாது என்று 1954-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தது. அதன்படி மான்ஸ்ஃபீல்டு உயர்நிலைப் பள்ளியில் கறுப்பின மாணவர்களைச் சேர்க்க வேண்டும் என்று 1956-ல் நீதிமன்ற உத்தரவு வந்தது. பள்ளி திறக்கும் நாளில் வெள்ளையர் கும்பல் கும்பலாகத் திரண்டு வழிமறித்தனர். கறுப்பர் உருவப் பொம்மைகளைத் தூக்கில் தொங்கவிட்டனர். மாநில ஆளுநர் காவல் படையை அனுப்பினார், ஆனால் அது மாணவர்களைப் பள்ளிக்குள் அழைத்துச் செல்வதற்காக அல்ல. அந்தப் பிள்ளைகள் பேருந்து ஏறி ஃபோர்ட் வொர்த் நகரப் பள்ளிக்கே போய்வந்தார்கள். 1965 வரை அந்தப் பள்ளியின் கதவு அவர்களுக்குத் திறக்கவில்லை.

இந்த நிகழ்வு குறித்த ஆய்வறிக்கை ஒன்றை கிரிஃபின் இன்னொருவருடன் சேர்ந்து எழுதினார். தென் மாநிலக் கறுப்பர்களின் நிலை பற்றி மேலும் ஆராய விரும்பினார். ஆனால் வெள்ளையர் ஒருவர் கேள்வித்தாளை நீட்டினால் கறுப்பர்கள் மனம் திறந்து பேசவில்லை. எங்கள் தோலுக்குள் ஒருநாள் கண்விழித்துப் பார்த்தால்தான் உங்களுக்குப் புரியும் என்கிற பொருளில் ஒருவர் சொன்னது அவர் மனதில் தங்கிவிட்டது.

கறுப்பின வாசகர்களுக்காக ஃபோர்ட் வொர்த்திலிருந்து வெளிவந்த 'செபியா' இதழின் உரிமையாளரிடம் தன் திட்டத்தைச் சொன்னார். செலவை இதழ் ஏற்கும், அனுபவத்தை அவர் கட்டுரையாகத் தர வேண்டும் என்று முடிவானது. உயிருக்கே ஆபத்து என்று இதழின் உரிமையாளர் எச்சரித்தார். மனைவி தடுக்கவில்லை.

கண்ணாடியில் தெரிந்த முகம்

1959 நவம்பர் தொடக்கத்தில் நியூ ஆர்லியன்ஸ் நகரில் தோல் மருத்துவர் ஒருவரைப் பார்த்தார். வெண்புள்ளிக்குக் கொடுக்கும் மாத்திரையைச் சாப்பிட்டு, புற ஊதா விளக்கின் கீழ் மணிக்கணக்கில் படுத்துக் கிடந்தார். மீதிக்குச் சாயம் பூசினார். தலையை மழித்தார். பெயரை மாற்றவில்லை. யாராவது நீ யார் என்று கேட்டால் உண்மையைச் சொல்வது என்றும் தீர்மானித்திருந்தார். மாற்றியது நிறத்தை மட்டும்தான்.

வேலை முடிந்த இரவு, குளியலறை விளக்கைப் போட்டுக் கண்ணாடியைப் பார்த்தார். மொட்டைத் தலையோடு, முன்பின் தெரியாத கறுப்பர் ஒருவர் அவரை முறைத்தார். பழைய கிரிஃபினின் சாயல் எதிலும் இல்லை. ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. பிற்காலத்தில் இந்த நொடியைப் பற்றி அவர் ஒளிக்காமல் எழுதினார். கண்ணாடியில் இருந்த அந்த மனிதரை அவருக்குப் பிடிக்கவில்லை. அது தானே என்று அறிவுக்குத் தெரிந்தும், கறுப்பு முகம் என்ற ஒரே காரணத்துக்காக அவர் உள்ளம் பின்வாங்கியது.

யூதர்களைக் காப்பாற்றியவர், தீவுச் சிறுவனிடம் பாடம் கற்றவர், பத்து ஆண்டு நிறமே பார்க்காமல் வாழ்ந்தவர், கறுப்பருக்காக அறிக்கை எழுதியவர். அப்படிப்பட்டவருக்குள்ளும் அது இருந்தது. அறிவில் இல்லை. அதற்கும் அடியில், சிறுவயதில் கேட்காமலே வந்து படிந்த இடத்தில் இருந்தது. புத்தகம் படித்து அறிவைத் திருத்திக்கொண்டவர்கள்கூட உணர்ச்சியைத் திருத்திக்கொள்வதில்லை என்பதை அவர் தன்னை வைத்தே கண்டுகொண்டார்.

அதே சட்டை, அதே மனிதர்

நியூ ஆர்லியன்ஸில் காலணி துடைக்கும் ஸ்டெர்லிங் வில்லியம்ஸ் என்ற கறுப்பரிடம் கிரிஃபின் வெள்ளையராக இருந்தபோதே பலமுறை பேசியிருந்தார். கறுப்பராக வந்து நின்றபோது அவருக்கு அடையாளம் தெரியவில்லை. விஷயத்தைச் சொன்னதும் வியந்து, சில நாள் தன்னோடு வைத்துக்கொண்டு எப்படிப் பேசுவது, எப்படி நடப்பது என்று கற்றுக்கொடுத்தார்.

கிரிஃபின் வேலை தேடினார். படித்தவர், நன்றாக உடுத்தியிருப்பவர் என்றாலும் ஓரிடத்திலும் வேலை கிடைக்கவில்லை. பல இடங்களில் முகம் சுளிக்காமல், இனிக்க இனிக்கப் பேசியே அனுப்பினார்கள். தண்ணீர் குடிக்கவும் சிறுநீர் கழிக்கவும் எத்தனை தெரு நடக்க வேண்டும் என்று காலையிலேயே கணக்குப் போட வேண்டியிருந்தது. கையில் செல்லத்தக்க பயணக் காசோலை இருந்தும் கடை கடையாக ஏறி இறங்கினார், மாற்றித்தர மறுத்தார்கள். எங்கோ திருடியிருப்பான் என்பதுபோல் பார்த்தார்கள். கடைசியில் கத்தோலிக்கப் புத்தகக் கடை ஒன்றில்தான் மாற்ற முடிந்தது.

பேருந்தில் களைத்துப்போய் நின்ற வெள்ளைப் பெண்மணிக்கு இடம் கொடுக்க, பழைய பழக்கத்தில் பாதி எழுந்தார். அந்தப் பெண்மணி கோபப்பட்டார். உடனிருந்த கறுப்பர்களும் விரும்பவில்லை. டெக்சாஸில் நல்ல பழக்கமாக இருந்தது, நிறம் மாறியதும் குற்றமாகிவிட்டது.

அப்போது மிசிசிப்பி மாநிலத்திலிருந்து ஒரு செய்தி வந்தது. மேக் சார்லஸ் பார்க்கர் என்ற கறுப்பின இளைஞரை அந்த ஆண்டு ஏப்ரலில் விசாரணை தொடங்கும் முன்பே சிறையிலிருந்து இழுத்துப்போய்க் கொன்று ஆற்றில் வீசியிருந்தார்கள். நடுவண் புலனாய்வுத் துறை ஆதாரங்களைத் திரட்டிக் கொடுத்தும், உள்ளூர் நடுவர் குழு ஒருவர்மீதுகூடக் குற்றம் சாட்டவில்லை. இதைக் கேட்ட கறுப்பின மக்கள் இடிந்துபோனார்கள். கிரிஃபின் மிசிசிப்பிக்கே போவதென்று முடிவெடுத்தார்.

பயணச்சீட்டு வாங்கப் போனபோது சீட்டுக் கொடுக்கும் பெண் அவரைப் பார்த்த பார்வையை அவர் மறக்கவே இல்லை. முன்பின் அறியாத ஒருவரிடம் அவ்வளவு வெறுப்பைக் கொட்ட முடியுமா என்று திகைத்தார். வழியில் ஒரு சிற்றூரில் பேருந்து நின்றது. வெள்ளைப் பயணிகள் இறங்கிக் கழிப்பறைக்குப் போனார்கள். கறுப்பர்கள் எழுந்தபோது ஓட்டுநர் வாசலை மறித்து நின்றுகொண்டார்.

ஹாட்டிஸ்பர்க் நகரில் கறுப்பர் பகுதியில் ஓர் அறை எடுத்துத் தங்கினார். இரவு மனைவிக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தார். எழுத்து ஓடவில்லை. கறுப்பன் ஒருவன் வெள்ளைப் பெண்ணை அன்பாக அழைப்பதா என்ற தடை அவருக்குள்ளேயே எழுந்தது. சொந்த மனைவிதான். சட்டம் எதுவும் அந்த அறைக்குள் இல்லை, பார்க்க ஆளும் இல்லை. ஆனால் சில நாள் அவமானமே அவரது கையைக் கட்டிப்போடப் போதுமாக இருந்தது. கண்ணாடியில் தன் முகத்தில் சோகம் படியத் தொடங்கியிருப்பதையும் அவர் கவனித்தார். அடக்குகிறவன் மனதில் மட்டும் அல்ல, அடக்கப்படுகிறவன் மனதிலும் இந்த நஞ்சு சொல்லாமல் இறங்குகிறது. சில நாளுக்கே இப்படி என்றால், தலைமுறை தலைமுறையாக அனுபவித்தவர்களின் நிலை என்ன என்பதை நாம் யோசித்துப் பார்க்க வேண்டும்.

ஆறு பிள்ளைகள், ஒரு மிட்டாய்

மிசிசிப்பியிலிருந்து அலபாமா நோக்கிச் சாலையில் வண்டிகளை நிறுத்தி ஏறிப் போனார். இரவில் ஏற்றிக்கொண்ட வெள்ளையர் பலர் கறுப்பர்களின் படுக்கையறை பற்றி ஆபாசமாகக் கேட்டார்கள். பகலில் மதிப்பானவர்களாக நடமாடும் மனிதர்கள்தான் அவர்கள். கறுப்பனிடம் எதையும் கேட்கலாம், வெட்கப்பட வேண்டியதில்லை என்று நினைத்தார்கள். விதிவிலக்கும் இருந்தது. கட்டட வேலை செய்யும் இளைஞர் ஒருவர் மட்டும் எந்த வேறுபாடும் இல்லாமல், தன் குழந்தையைப் பற்றி வழியெல்லாம் பேசிக்கொண்டு வந்தார்.

ஓரிரவு, சதுப்பு நிலக் காட்டுக்குள் குடியிருந்த ஒரு கறுப்பினக் குடும்பம் அவருக்கு இடம் கொடுத்தது. மர அறுவை ஆலைத் தொழிலாளியின் வீடு. இரண்டு அறைக் குடிசை, ஆறு பிள்ளைகள். வேகவைத்த பயறுதான் இரவு உணவு. கிரிஃபின் தன் பையில் வைத்திருந்த சாக்லேட்டுகளைத் துண்டு துண்டாக நறுக்கிக் கொடுத்தார். அந்தப் பிள்ளைகளுக்கு அது திருவிழா. தூங்கப் போகும்போது அவர்கள் வந்து அவருக்கு முத்தம் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

அன்று அவருடைய மகளுக்கு ஐந்தாவது பிறந்தநாள். வீட்டில் விருந்தும் கேக்கும் பரிசும் நடந்துகொண்டிருக்கும். தன் பிள்ளைக்கும் இந்தப் பிள்ளைகளுக்கும் என்ன வித்தியாசம் என்று நினைத்து, குடிசைக்கு வெளியே போய் அழுதார்.

கண்ணாடி முன் அவர் உணர்ந்த வெறுப்பு எங்கே கரைந்தது என்ற கேள்விக்கு விடை இதுபோன்ற வீடுகளில்தான் இருக்கிறது. கறுப்பினக் குடும்பங்களில் விருந்தாளியாக உட்கார்ந்து, அவர்கள் தட்டில் சாப்பிட்டு, வாடகை, பிள்ளை படிப்பு, நாளைய கூலி என்று பேசியபோது, இவர்கள் வேறு என்ற எண்ணம் சில நாள்களிலேயே உதிர்ந்துபோனதாக அவர் பிற்காலத்தில் எழுதினார். தோலை மாற்றிக்கொண்டதால் மட்டும் மாற்றம் வரவில்லை. கதவைத் திறந்து உள்ளே அழைத்து, சமமாக உட்காரவைத்தவர்களால் வந்தது.

மான்ட்கோமரி நகருக்கு வந்ததும் இன்னொரு சோதனை செய்தார். மாத்திரையை நிறுத்தித் தோல் வெளுக்கத் தொடங்கியிருந்தது. சாயத்தைப் பூசினால் கறுப்பர், துடைத்தால் வெள்ளையர். ஒரே தெருவில் முதலில் கறுப்பராக நடந்தார், பிறகு வெள்ளையராக நடந்தார். அதே உடை, அதே பணப்பை, அதே மனிதர். வெள்ளையராக நடந்தபோது வெள்ளையர் புன்னகைத்தார்கள், கறுப்பர் அச்சத்தோடு விலகினார்கள். கறுப்பராக நடந்தபோது கறுப்பர் நெருங்கினார்கள், வெள்ளையர் முறைத்தார்கள். நல்லவரா கெட்டவரா என்று இரு பக்கத்திலும் யாரும் பார்க்கவில்லை. அட்லாண்டா நகரையும் பார்த்துவிட்டு, டிசம்பர் நடுவில் அவர் நிரந்தரமாக வெள்ளைத் தோலுக்குத் திரும்பினார்.

ஊர் கொடுத்த பரிசு

1960-ல் 'செபியா'வில் கட்டுரைகள் வந்தன, தொலைக்காட்சிகளில் பேட்டி வந்தது. ஏப்ரல் மாதம் மான்ஸ்ஃபீல்டு கடைத்தெருவில் கிரிஃபினின் உருவப் பொம்மையைத் தூக்கில் தொங்கவிட்டார்கள். பாதி கறுப்பு, பாதி வெள்ளை. நான்கு ஆண்டுகளுக்கு முன்பு கறுப்பின மாணவர்களுக்கு எதிராகப் பொம்மை தொங்கிய அதே ஊர். கொலை மிரட்டல்கள் வந்ததால் குடும்பத்தோடு மெக்சிகோவுக்குப் போய்ச் சில மாதங்கள் வாழ்ந்தார். பிறகும் அவர் பேச்சை நிறுத்தவில்லை. ஊர் ஊராகப் போய்ப் பேசினார். 1964-ல் குடிசார் உரிமைகள் சட்டமும் 1965-ல் வாக்குரிமைச் சட்டமும் வந்தன. அவை கறுப்பின மக்கள் சிறை சென்றும் உயிர் கொடுத்தும் பெற்றவை.

அவர் விலகி நின்ற இடம்

கிரிஃபின் மீது நியாயமான ஒரு கேள்வி உண்டு. அவர் சொன்ன எதுவும் கறுப்பர்களுக்குப் புதிதில்லை. ரிச்சர்ட் ரைட், ஜேம்ஸ் பால்ட்வின் போன்ற கறுப்பின எழுத்தாளர்கள் அவருக்கு முன்பே அதையெல்லாம் எழுதியிருந்தார்கள். அவர்கள் சொன்னபோது மிகை என்று தள்ளியவர்கள், வெள்ளையர் ஒருவர் சில வாரம் வாழ்ந்துவிட்டுச் சொன்னபோது கண்கலங்கினார்கள். பாதிக்கப்பட்டவரின் வாக்குமூலம் போதாது, எங்களில் ஒருவர் போய்ப் பார்த்துச் சொல்ல வேண்டும் என்ற எண்ணமே ஒளிந்திருக்கும் பாரபட்சம்தான். மேலும் கிரிஃபின் எப்போது வேண்டுமானாலும் சாயத்தைத் துடைக்கலாம். பிறப்பால் வந்தவர்களுக்கு அந்த வசதி இல்லை.

இதை மற்றவர்கள் சொல்வதற்கு முன்பே உணர்ந்தவர் அவர் என்பதுதான் அவருடைய பெருமை. 1960-களில் நகரங்களில் கலவரம் வெடித்தபோது, உள்ளூர் வெள்ளைத் தலைவர்கள் அவரை அழைத்து, எங்கள் ஊர்க் கறுப்பர்கள் என்ன நினைக்கிறார்கள் என்று கேட்டார்கள். அந்த ஊர்க் கறுப்பர்களையே கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. கறுப்பின மக்களுக்காகப் பேசச் சிறந்த குரல்கள் அவர்களிடமே இருக்கும்போது வெள்ளையர் ஒருவர் பேசுவது அபத்தம் என்று கிரிஃபின் முடிவுக்கு வந்தார். கறுப்பர் சார்பில் பேசுவதைக் குறைத்துக்கொண்டார். வெள்ளையரிடம் வெள்ளையரின் நோயைப் பற்றிப் பேசுவதே தன் வேலை என்று வைத்துக்கொண்டார்.

1980 செப்டம்பர் 9-ம் தேதி தனது 60-வது வயதில் ஃபோர்ட் வொர்த்தில் காலமானார். தோலைக் கறுப்பாக்க எடுத்த மருந்தால் புற்றுநோய் வந்து இறந்தார் என்று ஒரு கதை பரவியது, அது உண்மையல்ல. நீரிழிவும் அதனால் வந்த சிக்கல்களும்தான் காரணம்.

ஆய்வுகள் சொல்வது

கிரிஃபின் கண்ணாடி முன் கண்டதைப் பிற்காலத்தில் உளவியல் அறிஞர்கள் அளந்து பார்த்தார்கள். 1998-ல் வெளியான ஒரு கணினிச் சோதனை, நல்ல சொல், கெட்ட சொல், வெள்ளையர் பெயர், கறுப்பர் பெயர் இவற்றை மனிதர்கள் எவ்வளவு வேகமாக இணைக்கிறார்கள் என்று நொடியில் ஒரு பங்குவரை கணக்கிட்டது. பாகுபாடு பார்ப்பதில்லை என்று நம்புகிற பலரிடமும் சாய்வு இருப்பது தெரிந்தது. 2011-ல் அமெரிக்க ஆய்வாளர்கள், கறுப்பர் ஒருவர் பாகுபாட்டுக்கு ஆளாகும் காட்சியைக் காட்டி, அவர் இடத்தில் உங்களை வைத்துப் பாருங்கள் என்று சிலரிடம் சொன்னார்கள். அப்படிப் பார்த்தவர்களிடம் அந்தச் சாய்வு குறைந்திருந்தது.

ஆனால் அதோடு கதை முடியவில்லை. 2014-ல் பல வழிமுறைகளை ஆயிரக்கணக்கானவர்களிடம் ஒப்பிட்டுப் பார்த்த பெரிய ஆய்வில், அடுத்தவர் இடத்தில் நின்று கற்பனை செய்வது பெரிய பலன் தரவில்லை. பலன் தந்த வழிகளையும் 2016-ல் தொடர்ந்து சோதித்தபோது, அந்த மாற்றம் சில மணி நேரத்திலோ சில நாளிலோ மறைந்துபோனது. ஒருநாள் கற்பனை ஒருநாளைக்குத்தான். கிரிஃபினிடம் மாற்றம் நிலைத்ததற்குக் காரணம், அவர் கற்பனையோடு நிற்கவில்லை என்பதுதான். அவமானத்தைப் பட்டார், அவர்கள் வீட்டில் சாப்பிட்டார், உண்மையைச் சொல்லி ஊரை இழந்தார், பிறகு இருபது ஆண்டுகள் அந்த வேலையை விடவில்லை.

நமக்கு என்ன?

அமெரிக்கக் கறுப்பின மக்களின் போராட்டத்தை நம் தலைவர்கள் தூரத்துச் செய்தியாகப் பார்த்ததில்லை. 1946-ல் அண்ணல் அம்பேத்கர், கறுப்பின அறிஞர் டுபாய்ஸுக்குக் கடிதம் எழுதி, தீண்டப்படாதோர் நிலையும் கறுப்பர் நிலையும் எவ்வளவு ஒத்திருக்கிறது என்று குறிப்பிட்டார். 1972-ல் மகாராஷ்டிரத்தில் தலித் இளைஞர்கள் அமைப்பு தொடங்கியபோது, அமெரிக்காவின் கறுஞ்சிறுத்தைகளை நினைத்துத் தங்களுக்கும் சிறுத்தைகள் என்று பெயர் வைத்தார்கள்.

கிரிஃபினின் வாழ்க்கையைப் படிக்கும் மாணவர்கள் இரண்டு செய்திகளை எடுத்துக்கொள்ளலாம். அடக்கும் பக்கத்தில் பிறந்தவர்கள், நான் அப்படி இல்லை என்று சொல்லி முடித்துவிடாமல், அடியில் என்ன இருக்கிறது என்று தோண்டிப் பார்க்க வேண்டும். அதற்கு வேடம் போடத் தேவையில்லை. சேரியில் இருக்கும் வகுப்புத் தோழனின் வீட்டில் ஒருவேளை சாப்பிடலாம், அவன் சொல்வதை மிகை என்று தள்ளாமல் கேட்கலாம். அடக்கப்பட்ட பக்கத்தில் பிறந்தவர்கள், தங்கள் அனுபவத்தைத் தாங்களே எழுத வேண்டும். அதை இன்னொருவர் வந்து உறுதிப்படுத்தினால்தான் உண்மை என்று யாருக்கும் விட்டுக்கொடுக்கக் கூடாது. பேச வேண்டியவர்கள் பேச வந்ததும் மேடையிலிருந்து ஒதுங்கி வழிவிட்டவர் என்பதற்காகவும் கிரிஃபினை நாம் நினைவில் வைத்திருப்போம்.